மனேஜர் வீட்டுப் பிள்ளை

சாவகச்சேரியில் எழுபதுகளில் யாராவது 'மனேஜர்' என்று சொன்னால் அது வங்கி மனேஜர் இல்லை, தியேட்டர் மனேஜரும் இல்லை. சங்கக்கடை மனேஜர். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளைக்கடை ஒன்றுக்கு அப்பா மனேஜராக இருந்தார். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மரியாதை இருந்தது, அதைவிடக் கூடுதலாக ஏச்சு இருந்தது. அரிசி வராத கிழமைகளில் அரசாங்கத்துக்குப் போகவேண்டிய ஏச்செல்லாம் அப்பாவின் மேசைக்கு வந்து சேரும். 1970 தேர்தல் மேடைகளில், சந்திரனிலிருந்தென்றாலும் அரிசி கொண்டுவந்து கிழமைக்கு இரண்டு கொத்துத் தருவோம் என்றார்கள். அப்பா அரசியல் பேசாதவர். அந்தக் கதை வரும்போது மட்டும், "சந்திரன் வேண்டாம், நாவற்குழியில இருந்து லொறி நேரத்துக்கு வந்தால் காணும்" என்பார். உணவுத் திணைக்களத்தின் களஞ்சியம் நாவற்குழியில்தான் இருந்தது.

அந்த லொறியின் சத்தம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. கண்டி வீதியிலிருந்து கடை ஒழுங்கைக்குள் திரும்பும்போது அது ஒருமுறை முக்கி, கியர் மாறி, பிறகு நிற்கும். பலகைக் கதவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சுவரோடு சாயும். சாக்குகள் சீமெந்துத் தரையில் இறங்கும். அதன் பிறகுதான் எனக்குப் பிடித்த சத்தம். சாக்கின் வாய்த் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால், ஒரே இழுவையில் முழுத் தையலும் 'சர்ர்' என்று உருவிக்கொண்டு வந்துவிடும். பிழையான நுனியைப் பிடித்தால் முடிச்சு விழும், கத்தி தேடவேண்டும். அப்பா பிழையான நுனியைப் பிடித்து நான் கண்டதில்லை. உருவின சணலை விரல்களில் சுற்றி லாச்சிக்குள் போட்டுவைப்பார். வெறுஞ்சாக்குக்குக்கூடக் கணக்கு உண்டு. எண்ணி மடித்துத் திருப்பி அனுப்பவேண்டும். சணலுக்குக் கணக்கில்லை. சங்கக்கடையிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சும்மா வந்த ஒரே பொருள் அதுதான். என் கொப்பிக் கட்டு, வளவில் பாவற்கொடி ஏறின பந்தல், கிணற்றடியில் உடுப்புக் காயப்போடுகிற கொடி எல்லாவற்றிலும் அந்தச் சணல் இருந்தது.

அப்பாவின் வெள்ளைச் சேட்டில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கருவாடும் சீனிச் சாக்கும் சேர்ந்த ஒரு மணம் இருக்கும். எவ்வளவு கசக்கித் தோய்த்தாலும் போகாது. சிறுவயதில் பையோடு சங்கக்கடைக்குப் போனவர்களுக்கு அந்த மணத்தை நான் விளக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும்போதே உங்களுக்கு வந்திருக்கும்.

கடைக்கு வருகிற எவரிடமும் அவருடைய முதற்கேள்வி ஒன்றுதான். "வீட்டில எத்தினை பேர்?"

பதில் அவருக்குத் தெரியும். கூப்பன் புத்தகம் ஆளுக்கொன்று. அந்தந்தக் கிழமைக்குரிய துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பவர் அவர்தான். ஆனாலும் கேட்பார். கேட்டால்தான் கதை வரும். "மூத்தவன் வவுனியாவுக்கு வேலைக்குப் போட்டான் மனேஜர், கூப்பனை அங்கால மாத்தவேணும்." "மருமோளுக்குப் பெடியன் பிறந்திருக்கு." யார் வீட்டில் ஒரு வாய் கூடியது, யார் வீட்டில் ஒரு வாய் குறைந்தது என்பது ஊரில் அப்பாவுக்கு முதல் தெரிந்துவிடும், சிலவேளை விதானையாருக்கும் முதல். மட்டுவிலிலிருந்து நடந்து வருகிற ஒரு ஆச்சியோடு நடக்கும் பேச்சு எனக்குப் பாடம்.

"எணை ஆச்சி, எத்தினை பேர்?"

"நானும் பூனையும்தான் தம்பி."

"பூனைக்குக் கூப்பன் இல்லை."

"அப்ப எனக்குப் போடுறதைப் பார்த்துப் போடு."

அவர் பார்த்துப் போடமாட்டார். எல்லோருக்கும் தலைதட்டிய கொத்துத்தான். ஆச்சிக்கு அது தெரியும். தெரிந்தும் அடுத்த கிழமை அதையே சொல்லுவாள். அவரும் அதையே கேட்பார். இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு தேவையாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

விதிகளில் இறுக்கமான மனிதர் ஒரேயொரு விதியை மட்டும் வளைத்தார். ஒருவர் செத்தால் அவருடைய கூப்பன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்பா செத்த வீட்டுக்குப் போவார், பின்வாங்கில் இருப்பார், சுடலை மட்டும் நடந்து போவார். கூப்பனைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அந்தியேட்டி முடியும்வரை அந்தக் கூப்பனுக்கும் அரிசி அளந்து கொடுப்பார். கடைப் பொடியன் ஒருநாள் கேட்டுவிட்டான். "செத்தவருக்கும் முப்பத்தொண்டு மட்டும் பசிக்கும்" என்றார் அப்பா, தலை நிமிராமல். மேலிடத்துக்கு அது தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். முப்பத்தோராம் நாள் சோறு தின்ற வீட்டிலிருந்து மறுநாள் யாராவது அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அவர் கேட்க ஒருநாளும் தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டுக்கு இந்தத் தயவெல்லாம் கிடையாது. 1973-க்குப் பிறகு அரிசியும் சீனியும் குறைந்தன. பாணுக்கு விடியப்புறமே கியூ. மனேஜர் பெண்சாதி என்பதால் அம்மாவுக்குப் பின்கதவு திறக்கவில்லை. மற்றவர்களோடு மற்றவராகக் கியூவில் நின்றாள். அவளுக்கு அதில் தீராத கோபம். புடவை வரும் நாட்களில் அந்தக் கோபம் உச்சிக்கு ஏறும். வெளிநாட்டுத் துணி நின்றுபோன காலம் அது. சங்கக்கடைக்கு எப்போதாவது சீத்தையும் சேலையும் வரும். வந்த செய்தி அப்பாவுக்கு முதல்நாளே தெரியும். வீட்டில் சொல்லமாட்டார். ஊரெல்லாம் அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சியதில் அம்மாவுக்கு ஒருமுறை கிடைத்தது, பூ அச்சு ஓரிடத்தில் தவறி ஒன்றின் மேல் ஒன்று விழுந்த சேலை. "ஊருக்கு மனேஜர், எனக்கு மட்டும் ஓட்டைச் சிரட்டை" என்றாள். அப்பா பேசாமல் சாப்பிட்டார். ஆனால் அம்மா அந்தச் சேலையை, அச்சுத் தவறின இடம் கொசுவத்துக்குள் மறைகிற மாதிரி உடுத்து, பங்குனித் திங்களுக்குப் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்கு வந்தாள். அண்ணா முன் பாரில், அம்மா பின் கரியரில், நான் அம்மாவின் மடியில். அத்தனை பேரையும் அந்தப் பழைய றலிச் சைக்கிள் மட்டுவில் மட்டும் சுமந்தது. கோயில் வீதியில் நூறு அடுப்புப் புகைக்குள் அம்மா பொங்க, அப்பா விறகு தள்ளுவார். அந்தப் புகைக்குள் அவர் மனேஜர் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணெரிச்சலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மா சொன்னதைச் செய்துகொண்டிருந்த ஒரு மனிதர்.

அவருடைய நாள் எனக்கு மனப்பாடம். விடிய எழுந்து கிணற்றடி, திருநீறு, சிவன் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு கும்பிடு, கடை. மத்தியானம் யாழ்தேவி போகிற சத்தம் கேட்டால் அம்மா சோற்றுப்பானையை இறக்குவாள்; றெயில் பிந்தினால் சாப்பாடும் பிந்தும். சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக்கதிரையில் ஒரு சின்னக் கண்ணயர்வு, கடைத் திறப்புக்கோர்வை நெஞ்சில் கிடக்கும். மூச்சுக்கு மூச்சு அது மெல்லக் கிலுங்கும். பிறகு திரும்பக் கடை. சம்பள நாளில் மட்டும் பேப்பரில் சுற்றின சூசியம் வரும், வேறொரு கடையில் காசு கொடுத்து வாங்கியது.

இரவுதான் எங்களுடையது. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், வெட்டின கூப்பன் துண்டுகளைப் பாயில் கொட்டி, அண்ணாவும் நானும் நூறு நூறாக எண்ணிக் கட்டுவோம். அப்பா பெருங்கொப்பியில் கூட்டுவார். வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு. றாத்தல், அந்தர், கொத்து, சுண்டு, பிறகு கிலோ வந்தது, அதற்கும் அதே முணுமுணுப்பு. ஐந்து சதம் பிழைத்தால் படுக்கமாட்டார். தன் சட்டைப்பையிலிருந்து ஐந்து சதத்தைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று அம்மா சொல்லிப் பார்ப்பாள். "காசு சரி வரும், கணக்கு சரி வராது" என்பார். நாங்கள் பாயிலேயே நித்திரையாகிவிடுவோம். எத்தனையோ இரவுகளில் அரைத்தூக்கத்தில் என் காதில் விழுந்த கடைசிச் சொல் அதுதான்: "ஆ… சரி வந்திட்டுது." அந்தச் சொல்லோடு லாம்பின் திரி இறங்கும். நானும் இறங்குவேன், கீழே, நித்திரைக்குள். உலகத்தில் எல்லாம் கூட்டிக் கழித்துச் சரியாக வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்கிற மாதிரி.

அப்படி ஒரு நித்திரை அதன்பிறகு வாய்க்கவில்லை. உங்களுக்கு வாய்த்திருக்கிறதா?

எல்லா வருடமும் சரி வரவில்லை. இருப்பெடுக்க வருகிறவர்கள் எலிக்கும் வற்றலுக்கும் கொஞ்சம் கழிவு விடுவார்கள். அதற்கு மேல் குறைந்தால் மனேஜர்தான் கட்டவேண்டும். விதி அது, எல்லாச் சங்கங்களிலும் அப்படித்தான். ஒரு வருடம் மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. தரை குடித்ததை அப்பாவின் சம்பளம் மாதக்கணக்காகக் கட்டியது. அம்மாவின் காப்பு அடைவுக்குப் போனது. அந்த மாதங்களில் சூசியம் வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் அந்தப் பீப்பாயை மட்டும் எறியவிடாமல் கடைப் பின்புறத்தில் வைத்திருந்தார். ஏனென்று தெரியாது.

1977-க்குப் பிறகு நாடு திறந்தது. தனியார் கடைகளில் எல்லாம் கிடைத்தது. இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் வந்து எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரின் பொற்காலத்தை முடித்தன. 1979-ல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. சங்கக்கடை வெறிச்சோடியது. அப்பா தூசி தட்டிக்கொண்டிருந்தார். யூலை மாதத்தில் கூட்டுறவு தினத்துக்கு ஏழு நிறக் கொடியை ஏற்றிவிட்டு, அதைப் பார்க்க ஆளில்லாமல் தானே பார்த்துக்கொண்டு நிற்பார். கூட்டுறவில் அவருக்கு ஒரு பக்தி இருந்தது. 1936-ல் மூளாயில் கூட்டுறவுக்காரர்கள் ஆசுப்பத்திரியே தொடங்கினவர்கள் என்பார். யாழ்ப்பாணத்துக்குப் போனால் வீரசிங்கம் மண்டபத்தை, அது ஒரு கூட்டுறவாளரின் பெயர் என்பதற்காக, விரல் நீட்டிக் காட்டுவார்.

1990-ல் சண்டை திரும்பத் தொடங்கியது. றெயில் நின்றது, கரண்ட் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் பொன்னானது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் துளி எண்ணெயும் விட்டு விளக்கு. பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்ப்பு. சீனிக்குப் பதில் பனங்கட்டிக் கடி. மத்தியானம் யாழ்தேவி இல்லாமல் அம்மா சோறு இறக்கப் பழக நாளெடுத்தது. கடைக்குத் திரும்பவும் கியூ வந்தது, அப்பாவின் கேள்வியும் வந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் எழும்பி செம்மணியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நடந்து தென்மராட்சிக்கு வந்தது. சில லட்சம் சனம். பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், மாமரங்களின் கீழ், எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டில், எங்கும் ஆட்கள். நிவாரணம் கொடுக்கும் வேலை சங்கக்கடைகளின் தலையில் விழுந்தது. அப்பாவுக்கு ஓய்வு எடுக்கும் வயது. கடையிலேயே படுத்தார். நான் பக்கத்தில் இருந்து பெயர் எழுதினேன். வாழ்நாளெல்லாம் கேட்ட அந்தக் கேள்விக்கு அந்த நாட்களில்தான் அவருக்குப் பதில் தெரியாமலிருந்தது. கேட்கப்பட்டவர்களுக்கும் தெரியாமலிருந்தது.

"வெளிக்கிடேக்க ஏழு பேர், மனேஜர்" என்றாள் ஒரு பெண். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "இஞ்ச வந்து பார்க்க ஆறு."

நான் பேனையோடு அப்பாவைப் பார்த்தேன்.

"ஏழெண்டே எழுது பிள்ளை. வந்திடுவினம்."

அன்று எழுதின ஏழுகளில் எத்தனை சரி வந்தனவோ.

அடுத்த வருடங்களில் நான் கப்பலேறி, விமானமேறி, கலியாணம் கட்டிக்கொண்டு இங்கே ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே குறையொன்றும் இல்லை என்றுதான் தொலைபேசியில் சொல்லுவோம், நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். தமிழ்க் கடைகள் தெருவுக்குத் தெரு. மொட்டைக்கறுப்பன், புட்டு மா, சங்கக்கடை கண்டிராத பத்து வகைப் பருப்பு, மட்டுவில் கத்தரிக்காய் மாதிரி ஒன்றுகூட. பனிக்காலத்தில் கதவைத் தள்ளினால் வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கும். கியூ நீளமென்றால் பெரிய அங்காடிகளில் மெசினிடமே காசு கட்டலாம். அது அழகான பெண்குரலில் எத்தனை பை வேண்டும் என்று கேட்கும். எத்தனை பேர் என்று கேட்காது. பிள்ளைகள் படிக்கப் போய், வீட்டில் நாங்கள் இரண்டு பேராகிவிட்டோம். இன்னும் பழைய பழக்கத்தில் நாற்பது றாத்தல் அரிசிப் பை வாங்குகிறேன். ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வாய் குறைந்தது இந்தப் பட்டினத்தில் எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

2000-ல் சாவகச்சேரி அழிந்தது. சந்தை, கடைகள், வீடுகள், எல்லாம். அம்மாவும் அப்பாவும் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டார்கள். 2002-ல் பாதை திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். சங்கக்கடை இருந்த இடத்தில் கூரையில்லாத இரண்டு சுவர். கண்ணிவெடி இருக்கும், உள்ளே போகவேண்டாம் என்றார்கள். வெளியே நின்றபடி அப்பா கைநீட்டி, இந்த இடத்தில் அரிசி, இந்த இடத்தில் மா, அங்கே எண்ணெய்ப் பீப்பாய் என்று காட்டிக்கொண்டு வந்தார், எனக்குத் தெரியாததைக் காட்டுகிறவர் மாதிரி. நான் தடுக்கவில்லை.

2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மறுபடி மூடப்பட்டது. எல்லாம் கப்பலில்தான். குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு சனம் மறுபடி சங்கக்கடை வாசலில். ஓய்வுபெற்ற மனேஜரும் பையோடு போய் நின்றார். உள்ளே இருந்தவன் ஒருகாலத்தில் அப்பாவிடம் வேலை பழகின கடைப் பொடியன், இப்போது மனேஜர். "ஐயா, நீங்கள் உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றானாம். அப்பா போகவில்லை. கியூவில் நின்றபடியே, "தம்பி, தராசு வலப்பக்கம் இழுக்குது, முதல்ல வெறுந்தட்டைச் சரிபார்" என்றாராம். வெயிலில் நின்ற சனம் சிரித்ததாம். அம்மா இதை எனக்குச் சொன்னபோது அவள் குரலில் பழைய கோபம் கொஞ்சம் இருந்தது. மனேஜராக இல்லாதபோதும் பின்கதவால் போகாத மனிதர் மேல் உள்ள கோபம்.

அந்த வருட முடிவுக்குள் அவர் போய்விட்டார். பாதை இல்லை. விமானச் சீட்டு இல்லை. செத்தவீட்டுப் பறைச் சத்தத்தை அண்ணா தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக் கேட்கச் செய்தார், அதுவும் இடையில் அறுந்தது. இப்படித் தொலைபேசியில் தகப்பனை அனுப்பிவைத்தவர்கள் இந்த நகரத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் வேறென்ன சொல்ல.

முப்பத்தொன்று கழிந்து அம்மாவோடு கதைத்தேன். கடைக்கு இன்னும் அட்டை திருப்பிக் கொடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"நேற்றுத்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். அதுமட்டும் அவற்றை பங்கையும் அந்தப் பொடியன் நிறுத்துத் தந்தவன். நான் கேக்கேல்லை."

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மாவுக்கு வந்தது.

"நிறுத்துத் தந்து என்ன, புழுத்த அரிசி. கப்பலில எவ்வளவு நாள் கிடந்ததோ. உன்ர கொப்பர் எண்டால் அந்தச் சாக்கை லொறியால இறக்க விட்டிருக்கமாட்டார்."

"சமைச்சனீங்களோ அம்மா?"

"பின்ன எறியிறதே? புடைச்சு, பொறுக்கிப்போட்டு, அவருக்குத்தான் முதல் படைச்சனான். குறை சொல்லிக்கொண்டுதான் சாப்பிட்டிருப்பார்."